கெமரா நின்றது சூட்டினாலா, கடிகாரத்தினாலா?

மலையகத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், "அந்தக் கெமரா அரை மணித்தியாலத்தில் சூடாகி நின்றுவிடும்" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஹட்டன், பண்டாரவளை, மாத்தளை என்று எந்த ஊர் ஸ்டூடியோவிலும் இதைக் கேட்கலாம். அந்த ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று காரணங்கள் கலந்து கிடக்கின்றன. உண்மையாகவே சூட்டினால் கெமரா நிற்பதுண்டு. தயாரித்த நிறுவனம் உள்ளே வைத்த நேர வரம்பினால் நிற்பதும் உண்டு. மெமரி கார்டின் பொருட்டு நிற்பதும் உண்டு. மூன்றுக்கும் சேர்த்துச் 'சூடு' என்று ஒரே பெயரை வைத்துவிடுவதால், தேவையில்லாத விசிறிக்குக் காசைக் கொட்டுபவர்களும் நல்ல கெமராவை வந்த விலைக்குத் தள்ளிவிடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு நம்பிக்கை, "நுவரெலியாக் குளிரில் கெமரா சூடேறாது" என்பது. அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் முகூர்த்த நேரத்தில் காலை வாரிவிடுகிறது.

இந்தக் கட்டுரை புதிதாக மிரர்லெஸ் கெமராவைக் கையில் எடுத்தவர்களுக்கானது. மிரர்லெஸ் என்றால், பழைய டிஎஸ்எல்ஆர் கெமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் இருந்த ஆடி இல்லாதது. ஒளி நேராகச் சென்சாரில் விழுகிறது. சென்சார் என்பது ஒளியை மின் குறிப்பாக மாற்றும் சில்லு.

சுங்க வரி வைத்த கடிகாரம்

உங்கள் கெமரா சரியாக 29 நிமிடம் 59 விநாடியில் நின்றதா? அப்படியானால் சூட்டைத் திட்ட வேண்டாம். சூடு இவ்வளவு ஒழுங்காக நேரம் பார்த்து வருவதில்லை.

இந்த எண்ணின் பின்னால் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி. 800க்கு 600 புள்ளிகளோ அதற்கு மேலோ உள்ள தெளிவில், விநாடிக்கு 23 சட்டகங்களோ (ஃப்ரேம்களோ) அதற்கு மேலோ, ஒரே மூச்சில் 30 நிமிடமாவது பதிவுசெய்யக்கூடிய கருவியை அந்த விதி வீடியோ கெமரா என்று வகைப்படுத்தியது. வீடியோ கெமராவுக்கு அப்போது இறக்குமதி வரி இருந்தது. புகைப்படக் கெமராவுக்கு இருக்கவில்லை. ஆகவே நிறுவனங்கள் ஒரு விநாடி குறைத்து நிறுத்திவிட்டன. ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனிக் கெமரா செய்வது வீண் செலவு என்பதால், ஐரோப்பாவுக்காக வைத்த வரம்பு இலங்கைக்கு வந்த கெமராக்களிலும் அப்படியே இருந்தது.

2015இல் நைரோபியில் உலக வர்த்தக நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை விரிவாக்கப்பட்டபோது வீடியோ கெமராக்களுக்கான வரியையும் படிப்படியாக நீக்க உடன்பாடு ஏற்பட்டது. அதன் பிறகு வந்த புதிய கெமராக்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. சில பழைய கெமராக்களிலும் மென்பொருள் புதுப்பிப்பு அதை எடுத்துவிட்டது. கெனன் ஈஓஎஸ் ஆர்5 கெமராவுக்கு 2022இல் வந்த புதுப்பிப்பு, 29 நிமிடம் 59 விநாடி என்றிருந்ததை 6 மணித்தியாலமாக்கியது. கெமராவின் உடலில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அந்த எண்ணுக்கும் வெப்பத்துக்கும் எந்த உறவும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் ஊரில் கைமாறி வரும் கெமராக்களில் பெரும்பாலானவை பழைய மாதிரிகள். அவற்றை வாங்கும்போது இந்த வரம்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் தீர்வு எளியது: 25 நிமிடத்துக்கு ஒருமுறை, சடங்கில் ஓர் இடைவெளி பார்த்து, நீங்களே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

கோப்பும் கார்டும்

32 ஜிகாபைட் வரையிலான எஸ்டி கார்டுகள் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இயங்குகின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் கெமரா, விநாடிக்கு 12.5 மெகாபைட் எழுதுகிறது. அந்தக் கணக்கில் ஏறக்குறைய 5 நிமிடம் 40 விநாடியில் 4 ஜிகாபைட் நிரம்பிவிடும். நல்ல கெமரா அந்த இடத்தில் அடுத்த கோப்பைத் தானே திறந்து பதிவைத் தொடரும். மிகப் பழையவை சில அங்கேயே நின்றுவிடும். 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையைப் பயன்படுத்துவதால் இந்தத் தடை இல்லை.

கார்டின் வேகம் இன்னொரு காரணம். வி30 என்று அச்சிட்ட கார்ட் விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் இடைவிடாமல் எழுதும். வி60 என்றால் 60. வி90 என்றால் 90. விநாடிக்கு 400 மெகாபிட் எழுதும் அமைப்புக்கு 50 மெகாபைட் வேகம் தேவை. அங்கே வி30 போட்டால் பதிவு சில விநாடிகளிலேயே அறுந்துபோகலாம். போலிக் கார்டில் எந்த எண்ணையும் அச்சிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதுவரை பார்த்த இரண்டும் சூடு அல்ல. 29:59இல் நின்றால் கடிகாரம். கோப்பு 4 ஜிகாபைட் அளவில் முடிந்திருந்தாலோ, கார்டைப் பற்றிய செய்தி திரையில் வந்தாலோ, கார்ட். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வெப்பம்.

பீலியும் பீப்பாயும்

தோட்டத்துப் பீலிக்கரையில் (மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தில்) ஒரு பீப்பாயை வைத்து, அதன் அடியில் ஒரு துளை போடுங்கள். மேலே பீலித் தண்ணீர் விழுகிறது. கீழே துளையால் போகிறது. பீலி மெல்ல விழுந்தால், தண்ணீர் கொஞ்சம் உயர்ந்து ஓரிடத்தில் நின்றுவிடும். மட்டம் உயர உயர அழுத்தம் கூடித் துளையால் வேகமாகப் போகும் என்பதால், வருவதும் போவதும் ஓர் உயரத்தில் சமமாகிவிடும். பீலி பலமாக விழுந்தால் சமமாவதற்குள் பீப்பாய் நிரம்பிவிடும்.

கெமராவின் வெப்பம் நடந்துகொள்வதும் இப்படியே. பீலி, உள்ளே உண்டாகும் வெப்பம். துளை, உடலின் வழியாகக் காற்றுக்குப் போகும் வெப்பம். நீர்மட்டம், கெமராவின் வெப்பநிலை. பீப்பாயின் விளிம்புதான் கெமரா தன்னை அணைத்துக்கொள்ளும் எல்லை.

இதை மனதில் வைத்தால் பல குழப்பங்கள் தீரும். "இந்தக் கெமரா 30 நிமிடம் ஓடும்" என்பது, வெறும் பீப்பாயில் தொடங்கினால் நிரம்ப 30 நிமிடம் ஆகும் என்று சொல்வதுதான். ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தால் அந்த 30 நிமிடம் கிடைக்காது. நிரம்பிய பிறகு இரண்டு நிமிடம் பீலியை நிறுத்திப் பயனில்லை. மட்டம் இறங்க நேரம் வேண்டும். விளிம்புக்குக் கீழேயே சமமாகிவிடும் அமைப்பில் கெமரா நாள் முழுதும் ஓடும். ஒரே கெமரா ஓர் அமைப்பில் 20 நிமிடமும் இன்னோர் அமைப்பில் பேட்டரி தீரும்வரையும் ஓடுவதன் காரணம் அதுதான்.

வெப்பம் எங்கே உண்டாகிறது

பேட்டரியிலிருந்து வெளிவரும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. திரையின் ஒளியாகக் கொஞ்சம் வெளியேறுவதோடு சரி. இன்றைய பெரிய மிரர்லெஸ் பேட்டரிகள் சுமார் 16 வாட் மணித்தியாலம் கொள்ளும். அதாவது ஒரு வாட் வீதம் செலவழித்தால் 16 மணித்தியாலம் தாங்கும். இரண்டு மணித்தியாலத்தில் பேட்டரி தீர்ந்தால், உங்கள் கெமரா சராசரியாக 8 வாட் வெப்பத்தை விடாமல் உண்டாக்கியிருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்தால் 16 வாட். பேட்டரி எவ்வளவு விரைவாகக் கரைகிறதோ, அவ்வளவு பலமாகப் பீலி விழுகிறது. உங்கள் கெமராவின் வெப்பத்தை மதிப்பிட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இந்த மின்சாரத்தைத் தின்பவை முக்கியமாக இரண்டு: சென்சார், செயலி. செயலி என்பது சென்சார் தரும் தரவைப் படமாக்கிச் சுருக்கி எழுதும் கணினிச் சில்லு. 4கே படத்தின் ஒரு சட்டகத்தில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறக்குறைய 8.3 மில்லியன் புள்ளிகள். விநாடிக்கு 25 சட்டகம் எடுத்தால் 207 மில்லியன் புள்ளிகள். 50 சட்டகம் என்றால் அது இரட்டிப்பு. 8கே ஒரு சட்டகத்துக்கு 33 மில்லியன் புள்ளிகள் கேட்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தெளிவைக் கூட்டுவதற்காகப் பல கெமராக்கள் 4கே எடுக்கும்போதும் சென்சாரின் முழு அகலத்தையும் வாசித்துப் பிறகு சுருக்குகின்றன. 24 மெகாபிக்சல் சென்சாரில் அது சட்டகத்துக்கு 20 மில்லியன் புள்ளிகள். கையில் கிடைப்பது 8 மில்லியன். உள்ளே வாசித்தது 20 மில்லியன். இப்படி முழுவதையும் வாசிக்கும் கெமராவிலும் வாசிக்காத கெமராவிலும் 4கே என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அத்தோடு, மிரர்லெஸ் கெமராவின் சென்சார் நீங்கள் பதிவுப் பொத்தானை அழுத்தாவிட்டாலும் ஓய்வதில்லை. திரையில் படம் தெரிய வேண்டுமே. டிஎஸ்எல்ஆரில் ஆடி காட்டிய படத்தை இங்கே சென்சார் வாசித்துக் காட்டுகிறது. காத்திருக்கும் நேரமும் சூடேறும் நேரம்தான்.

வெப்பம் ஏன் வெளியேற மறுக்கிறது

கணினிச் சில்லின் மேல் உலோகத் தகடும் விசிறியும் வைக்கலாம். கெமராவின் சென்சாருக்கு அந்த வசதி குறைவு. கை நடுக்கத்தைச் சரிசெய்வதற்காகப் பல கெமராக்களில் சென்சார், காந்த விசையில் அசையும் ஒரு தட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. அசைய வேண்டிய பொருளைக் கனமான உலோகத்தோடு இறுக்கிப் பூட்ட முடியாது. ஆகவே வெப்பம் உடலுக்கு வரக் குறுகலான வழிகளே உள்ளன. மழைக்கும் தூசுக்கும் பயந்து உடலைக் காற்றுப் புகாமல் அடைத்தும் விடுகிறார்கள். துளை மேலும் சிறுத்துப்போகிறது.

இதற்குக் கெனனே நல்ல பாடம். 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஆர்5, அறை வெப்பம் 23 பாகை செல்சியஸ் இருக்கையில் 8கே பதிவு சுமார் 20 நிமிடம் என்று நிறுவனமே சொன்னது. 2022 ஜனவரியில் ஆர்5 சி வந்தது. அதே 45 மெகாபிக்சல் தெளிவு, அதே 8கே. ஆனால் உடலைத் தடிப்பாக்கி விசிறி வைத்தார்கள். அசையும் சென்சார் தட்டை எடுத்துவிட்டார்கள். சூட்டுக்காக நிற்பது போய்விட்டது. பீலி அதேதான், துளை பெரிதானது. பெனசொனிக் எஸ்1எச் 2019இலும், சோனி எஃப்எக்ஸ்3 2021இலும் விசிறி வைக்கும் வழியை அதற்கு முன்பே பிடித்திருந்தன.

சுருக்கமாகச் சொன்னால், புள்ளிகளும் சட்டகங்களும் கூடினால் வெப்பம் கூடுகிறது. அடைத்த உடலும் அசையும் சென்சாரும் அதை உள்ளேயே பிடித்துவைக்கின்றன.

நுவரெலியாக் குளிர் எவ்வளவு உதவும்

வெப்பம் வெளியேறும் வேகம், உடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கெமராவின் உடல் 45 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியாவில் காற்று 16 பாகை என்றால் வித்தியாசம் 29. மாத்தளையில் மதியம் 32 பாகை என்றால் வித்தியாசம் 13. அதே கெமராவிலிருந்து நுவரெலியாவில் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பம் வெளியேறும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஐதாக இருப்பதால் இந்த இலாபத்தில் சிறிது குறையும். ஆனாலும் குளிர்தான் வெல்லும். நிழலில் நிற்கும்வரை "நுவரெலியாவில் சூடேறாது" என்ற பேச்சில் நியாயம் இருக்கிறது.

வெயில் விழுந்தால் கணக்கு புரண்டுவிடும். தெளிந்த வானத்தில் நடுப்பகல் வெயில், அதற்கு நேராக இருக்கும் ஒரு சதுர மீற்றரில் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. 13 சென்ரிமீற்றர் நீளமும் 8 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கெமரா முதுகு நேராக வெயிலைப் பார்த்தால், அதன் மேல் விழுவது சுமார் 10 வாட். கறுப்பு உடல் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கெமரா உள்ளே உண்டாக்குவது 8 வாட் என்று பார்த்தோம். வெயில் என்பது, பீப்பாய்க்கு மேல் முளைத்த இரண்டாவது பீலி.

நுவரெலியாவில் ஆட்கள் குவியும் வசந்த காலம் ஏப்ரலில் வருகிறது. அந்த மாதத்தின் முற்பகுதியில்தான் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. குதிரைப் பந்தயத் திடலில் காற்று சில்லென்று முகத்தில் படும்; நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும்; முக்காலியில் நிற்கும் கறுப்புக் கெமராவின் மேல்தகட்டைத் தொட்டால் கை சுடும். நம் தோலுக்குத் தெரியும் குளிர் கெமராவுக்கும் தெரியும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

காற்று அசையாத இடமும் அப்படியே. தோட்டத்துக் கோயிலை ஒட்டிய தகரக் கூரை மண்டபத்தை எண்ணிப்பாருங்கள். காலை பத்து மணிக்கு வெளியே இதமான குளிர். உள்ளே கூரை காய்கிறது, ஓமகுண்டம் எரிகிறது, வீடியோ விளக்குகள் இரண்டு, கூட்டம் வேறு. கெமரா மணவறைக்கு முன் முக்காலியில், காலையிலிருந்து அணைக்காமல், திரை ஒளிர நிற்கிறது. ஐயர் தாலியை ஆசீர்வாதத்துக்குச் சபையில் சுற்ற அனுப்பும் நேரத்தில் திரையின் மூலையில் வெப்பமானிக் குறி சிமிட்டுகிறது. அந்தக் கெமரா பதிவால் நிரம்பவில்லை, காத்திருந்தே நிரம்பியது. 

சூட்டில் அணைந்தால் கெமரா பழுதா

இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைகிறது. அதில் உங்கள் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்ட உடனே சுடாத வெப்பம்கூட, நெடுநேரம் தோலை ஒட்டியிருந்தால் சுடுகாயத்தை உண்டாக்கும். சோனி போன்ற கெமராக்களில், சூட்டில் அணையும் எல்லையை 'ஸ்டாண்டர்ட்' என்பதிலிருந்து 'ஹை' என்பதற்கு உயர்த்தும் வசதி உண்டு. பீப்பாயின் விளிம்பை உயர்த்துவது போன்றது அது. முக்காலியில் வைத்து எடுக்கும்போது அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கையில் ஏந்தி நெடுநேரம் எடுக்கும்போது வேண்டாம்.

சூட்டினால் படத்துக்கும் சிறு கேடு உண்டு. ஒளியே விழாதபோதும் சென்சாரில் கசியும் சிறு மின்னோட்டத்தை இருள் மின்னோட்டம் என்பார்கள். வெப்பநிலை 6 முதல் 8 பாகை உயர்ந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகல் படத்தில் இது தெரியாது. மாசி மாத இரவில் தீவட்டி வெளிச்சத்தில் காமன் கூத்து எடுக்கும்போது, கறுப்புப் பகுதிகளில் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டும்.

களத்தில் செய்ய வேண்டியவை

முதலில் நிழல். ஒரு குடை, அல்லது கெமராவின் மேல் தளர்வாகப் போட்ட ஒரு வெள்ளைத் துணி, அந்த இரண்டாவது பீலியை நிறுத்திவிடும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாளில், எந்த விசிறிக்கும் முன்னால் நான் பரிந்துரைப்பது குடைதான்.

அடுத்தது அமைப்பு. கல்யாணம் முழுவதையும் விநாடிக்கு 50 சட்டகத்தில் எடுக்கும் பழக்கம் வீண் என்பது என் உறுதியான கருத்து. மெதுவாக ஓட்டிக் காட்டப் போகும் காட்சிகளுக்கு மட்டும் 50 போதும். மந்திரமும் தாலிகட்டும் 25இல் நன்றாகவே இருக்கும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு ஃபுல் எச்டி போதும் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நடுவில் அறுந்த 4கேயைவிட முழுதாய் வந்த ஃபுல் எச்டியைத்தான் அவர்கள் பத்து வருடம் கழித்தும் பார்ப்பார்கள்.

காத்திருக்கும்போது அணையுங்கள். பக்கவாட்டில் திறக்கும் திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். அதன் பின்னாலுள்ள முதுகுப் பரப்புக்குக் காற்றுப் படும். பவர் பேங்கிலிருந்து யூஎஸ்பி வழியாகக் கெமராவுக்குள்ளேயே பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டு எடுப்பது கூடுதல் வெப்பம். பேட்டரிக்குப் பதிலாகச் செருகும் டம்மி பேட்டரி வழியாக மின்சாரம் கொடுப்பது நல்லது. விசிறியைக் கடைசியாக யோசியுங்கள். முகூர்த்தத்துக்கு மட்டும், எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும், இரண்டாவது கெமரா ஒன்று ஓடிக்கொண்டிருக்கட்டும். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

விளம்பரத்தில் உள்ள நிமிடக் கணக்கை நம்பி வேலைக்குப் போகாதீர்கள். அது பெரும்பாலும் 23 அல்லது 25 பாகை அறையில், குளிர்ந்த கெமராவில் எடுத்த கணக்கு. ஒரு மதியம், நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில், வழக்கமான அமைப்பில், கெமராவை நிற்கும்வரை ஓடவிட்டு நேரத்தையும் திரையில் வந்த செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இந்த இரண்டாவது நேரம்தான் கல்யாண வீட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். சூடான கெமராவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், ஐஸ் பையைக் கட்டுவதும் சிலர் சொல்லிக்கொடுக்கும் வைத்தியம். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீராகப் படியும். உள்ளே சில்லுகளின் மேலும் படியும். நுவரெலியாவில் காலை எடுத்துவிட்டு மாத்தளைக்கோ கண்டிக்கோ இறங்கும்போதும் இதே ஆபத்து உண்டு. போய்ச் சேர்ந்ததும் லென்ஸைக் கழற்றாதீர்கள். பையின் ஸிப்பைத் திறக்காமல், கெமரா ஊரின் வெப்பத்துக்கு வரும்வரை அரை மணித்தியாலமாவது அப்படியே வைத்திருங்கள்.